குளிர்காலத்தில் வீட்டுக்குள் மிளகாய்

மிளகாய் ஒரே பருவத்தில் மடியும் பயிரல்ல. குளிர் தாக்காத இடத்தில் சில ஆண்டுகள் வரை வாழ்ந்து காய்க்கும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் தோன்றியதால் உறைபனியை மட்டும் அதனால் தாங்க முடியாது. பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் இது பெரும்பாலும் ஓராண்டுச் செடியாக முடிந்துபோவது அதனால்தான். உறைபனிக்கு முன் வீட்டுக்குள் வந்துவிட்ட செடி, மறு ஆண்டில் விதைச் செடிகளை முந்திக்கொண்டு காய்க்கும்.

இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே தொட்டிகளை உள்ளே எடுத்துவிட வேண்டும். அதற்கு முன் இலைகளின் அடிப்புறத்தை நன்கு பார்த்து, பூச்சி இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். வெளியில் சில பூச்சிகளாக இருப்பவை, அவற்றைத் தின்னும் இரைவிழுங்கிகள் இல்லாத வீட்டுக்குள் விரைவில் பெருகிவிடும்.

அடுத்துச் செய்ய வேண்டியது வெளிச்சத்தைப் பொறுத்தது. டிசம்பரில் லண்டனில் பகல் ஏறத்தாழ 8 மணி நேரம்தான். அதுவும் மங்கிய வெளிச்சம். சன்னலோர வெளிச்சம் மட்டுமே உண்டென்றால் செடியை ஓய்வில் வைப்பதே நல்லது. காய்களைப் பறித்துவிட்டு, கிளைகளைச் சில கணுக்கள் மட்டும் நிற்கும்படி கவாத்து செய்து, 10 முதல் 15 டிகிரி வரையுள்ள அறையில் வைக்கலாம். இலைகள் உதிர்ந்தாலும் தண்டு பசுமையாக இருந்தால் உயிர் இருக்கிறது. இந்த நிலையில் உரம் வேண்டாம். மண்ணின் மேற்பகுதி நன்கு காய்ந்த பிறகு சிறிது தண்ணீர் போதும். ஓய்விலுள்ள வேர் குறைவாகவே நீரை உறிஞ்சும். குளிர்ந்த மண்ணில் தேங்கும் ஈரம் வேரை அழுகவைக்கும். குளிர்காலத்தில் செடிகள் சாவதற்கு இது முக்கியக் காரணம்.

குளிர்காலத்திலும் காய் வேண்டுமென்றால் எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு தேவை. நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் வரை அதை எரியவிட்டு, அறையை 20 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும். வெப்பம் இருந்தும் வெளிச்சம் குறைந்தால் தண்டு மெலிந்து நீண்டு சாயும். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. ஆனால் வீட்டுக்குள் காற்றும் தேனீயும் இல்லாததால் பூத்த கிளையை மெல்லத் தட்டிவிடவோ, பூவைத் தூரிகையால் வருடவோ வேண்டும். பூக்கத் தொடங்கியதும் சாம்பல் சத்து மிகுந்த திரவ உரம் கொடுக்கலாம்.

அறைச் சூடாக்கி காற்றை உலர்த்துவதால் சிவப்புச் சிலந்திப்பேன் எளிதில் பெருகும். இலையில் வெளிர் புள்ளிகளும் மெல்லிய வலையும் அதன் அடையாளங்கள். அசுவினி வந்தால் தளிர்கள் சுருண்டு பிசுபிசுக்கும். வாரந்தோறும் இலைகளைத் துடைத்து, தேவைப்பட்டால் பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசல் தெளிக்க வேண்டும். செடிகளைச் சூடாக்கியின் அருகில் வைக்கக் கூடாது.

வசந்தத்தில் பகல் நீளும்போது கணுக்களில் துளிர் வரும். அப்போது புதிய மண்கலவைக்கு மாற்றி, தண்ணீரையும் உரத்தையும் படிப்படியாகக் கூட்டலாம். உறைபனி அபாயம் நீங்கியபின், முதலில் சில மணி நேரம் மட்டும் வெளியே வைத்து, ஓரிரு வாரங்கள் பழக்கிய பிறகே செடியை நிரந்தரமாக வெளியே விட வேண்டும்.