தாயக்கட்டையும் கதையும்

கோடை விடுமுறையில் ஒரு நாள். அனுமந்தன்பட்டியில் உறவினர் வீட்டுத் திண்ணையில் நான்கு குழந்தைகள் தாயம் ஆடிக்கொண்டிருந்தனர். மூவரின் காய்கள் கட்டங்களில் ஓடின. எட்டு வயதுச் சிறுமிக்கு மட்டும் தாயம் விழவில்லை. பத்து முறை உருட்டியவள், "நான் ஆட்டத்துக்கு வரலை, மாமா" என்று எழுந்துவிட்டாள். அவள் அதிர்ஷ்டம் கெட்டவளா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

தாயக்கட்டைக்கு நான்கு முகங்கள்: 1, 2, 3, வெறுமை. இரு கட்டைகள் 4 × 4 = 16 வகையாக விழலாம். ஒன்றில் 1, மற்றதில் வெறுமை வந்தால் தாயம். இதற்கு 2 வகைகளே உண்டு. வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டினால் நிச்சயம் ஒரு தாயம் என்று எண்ணிவிடாதீர்கள்; கட்டைக்கு நினைவு கிடையாது. பத்து முறையும் தாயம் விழாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 26. நால்வரில் ஒருவர் இப்படிக் காத்திருப்பது இயல்பே!

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். செய்வது இன்னதென்று ஆடுபவர் சொல்ல, பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். எல்லாவற்றையும் கதைசொல்லியே முடிவு செய்தால் மற்றவர்கள் வெறும் கேட்போர். எல்லாவற்றையும் பகடையே முடிவு செய்தால் அது பரமபதம் போலாகிவிடும். நம் யோசனைக்கு அங்கே வேலையில்லை. இரண்டையும் இணைப்பது எப்படி?

தாயக்கட்டையைக் கொண்டே செய்யலாம். இரு வெறுமைகளைப் பன்னிரண்டு என்று கொள்ளாமல் சுழியாகக் கொள்ளுங்கள். சாதாரண முயற்சி பலிக்க 3 அல்லது அதற்கு மேல் விழவேண்டும்: வாய்ப்பு 10/16. நல்ல யோசனையானால் 2 போதும்: 13/16. முரட்டுத் துணிச்சலுக்கு 5 வேண்டும்: 3/16. யோசனை வாய்ப்பை மாற்றுகிறது. ஆனால் முடிவைக் கட்டிவிடுவதில்லை. இதில்தான் கதையும் விளையாட்டும் சந்திக்கின்றன.

இன்னொரு விதியும் தேவை. தோல்வி கதையைத் திருப்பலாம். ஆடுபவரை வெளியே உட்கார வைக்கக்கூடாது.

அன்று மாலை அதையே ஆடினோம். முல்லைப் பெரியாறு அணை கட்டிய காலம் (1887–1895) எங்கள் கதைக்களம். சிறுமி, அணைக்குச் சுண்ணாம்பு ஏற்றிச் செல்லும் வண்டிக்காரி. மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. "சுண்ணாம்பு நனையாம ஓலை போட்டு மூடிட்டு, மெதுவா ஓட்டுறேன்" என்றாள். நல்ல யோசனை! சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் கொதிக்குமே. 2 விழுந்தாலே போதும் என்றேன். உருட்டினாள். விழுந்தது தாயம்!

திண்ணையே சிரித்தது. வண்டி சேற்றில் புதைந்தது, சுண்ணாம்பு நனையவில்லை. "வாங்க, எல்லாரும் வந்து தள்ளுங்க" என்று அவள் கூப்பிட, மற்ற மூவரும் கட்டைக்குக் கை நீட்டினார்கள்.