காசில் இருக்கும் ஆண்டு, காசின் ஆண்டா?

பழைய பித்தளைச் சாமான் கடைகளில் ஒரு காசு அடிக்கடி கண்ணில் படும். ஒரு பக்கம் சஞ்சீவி மலையைத் தூக்கிய அனுமன், அல்லது ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘ஒன் அணா’, கீழே 1818. சிலவற்றில் 1717, 1616 என்றுகூட இருக்கும். புதிதாக நாணயம் சேர்க்க ஆரம்பித்தவர் கையில் இது கிடைத்தால், இருநூறு வருஷத்துப் பொருள் கிடைத்துவிட்டது என்று நெஞ்சு படபடக்கத்தான் செய்யும்.

முதல் சந்தேகம் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் எழும். வெள்ளைக்காரன் சாமி படம் போட்டுக் காசு அடிப்பானா என்று கேட்பார்கள். அடித்தான். 1808 வாக்கில் சென்னையில் கம்பெனி வெளியிட்ட வெள்ளிக் கால் வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் பெருமாள், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. ஆகவே அனுமன் இருப்பதாலேயே காசைத் தள்ளிவிட முடியாது.

ஆண்டை நம்பலாமா? அங்கேதான் வேடிக்கை. கம்பெனி அடித்த அசல் ஆற்காட்டு ரூபாயில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரும், ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் இருக்கும். அது கி.பி. 1758–59. அந்தப் பேரரசர் 1759-லேயே கொல்லப்பட்டார். ஆனால் அதே பெயரையும் ஆண்டையும் தாங்கிய ரூபாய்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சென்னையில் அச்சாகிக்கொண்டிருந்தன. மக்களுக்குப் பழகிய முகத்தை மாற்றினால் வாங்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். அவை எப்போது அடிக்கப்பட்டவை என்பதை விளிம்பில் உள்ள வரிகளையும், காசில் பொறித்த சின்னஞ்சிறு பூவையும் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அசல் நாணயமே தன் வயதைச் சரியாகச் சொல்லாதபோது, அனுமன் காசு சொல்வதை அப்படியே ஏற்க முடியுமா?

எனவே தேடவேண்டியது வேறொன்று: காசில் உள்ளவற்றிலேயே மிகப் பிந்தி வந்த விஷயம் எது? எத்தனை பழைய அடையாளங்கள் இருந்தாலும், புதிதான ஒன்று இருந்தால் பொருளின் வயது அதற்கு முன்னால் போக முடியாது. தொல்லியலாளர் குழியில் மண்ணடுக்குக்குக் காலம் சொல்வதும் இந்த நியாயப்படிதான்.

1616 காசை எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் இங்கிலாந்துத் தூதர் சர் தாமஸ் ரோ, கம்பெனி வணிகம் செய்ய அனுமதி கேட்டு முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அரசவையில் காத்திருந்தார். அனுமதி கேட்டு நிற்பவர்கள் ‘ஒன் அணா’ அடிப்பதாவது! இத்தகைய காசுகள் பலவற்றில் ‘யூகே’ என்ற எழுத்துகளும் இருக்கும். அந்தப் பெயரில் ஒரு நாடு உருவானதே 1801-ல்தான். 1616, 1717 இரண்டும் அங்கேயே விழுந்துவிடுகின்றன.

மிஞ்சுவது 1818. திப்பு மாண்ட 1799-க்குப் பிறகு கோயம்புத்தூர் சீமை கம்பெனியின் கையில் இருந்தது. ஆனாலும் இங்கே சந்தையில் புழங்கிய கணக்கு வராகன், பணம், துட்டு, காசு. அரைக் கிராம்கூட எடையில்லாத வீரராய பணம் என்ற தங்கப் பொடிக்காசும் கொங்கு நாட்டில் கைமாறியது. கம்பெனி ஆண்ட பகுதிகள் முழுவதற்கும் ஒரே நாணய முறை வந்தது 1835-ல். அப்போது வந்த செம்பு அரையணாவின் எடை 12.95 கிராம். ‘ஒன் அணா’ என்று மதிப்புப் பொறித்த தனி நாணயத்தைப் பிரிட்டிஷ் இந்திய அரசு புழக்கத்துக்கு விட்டது 1907-ல், ஏழாம் எட்வர்ட் காலத்தில். அதுவும் செம்பு அல்ல. செம்பும் நிக்கலும் கலந்தது, வளைவு வளைவான விளிம்புடன். 1818-ல் செம்பில் ஓரணா என்பது யாரோ பின்னாளில் கற்பனை செய்தது. நாணயவியலாளர்கள் இவற்றை இருபதாம் நூற்றாண்டுத் தயாரிப்புகள் என்று வைக்கிறார்கள்.

உலோகத்தைச் சோதித்தால் வயது தெரியாதா என்று கேட்கலாம். கார்பன் முறை உயிருள்ளவற்றின் எச்சத்துக்குத்தான். செம்புக்கு அது உதவாது. ஆனால் என்ன உலோகம், எப்படிச் செய்தது என்பது தெரியும். 12.95 கிராம் சுத்தச் செம்பைத் தண்ணீரில் தொங்கவிட்டு எடை போட்டால் ஏறக்குறைய 1.45 கிராம் குறையும். பித்தளையானால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறையும். நகைக்கடைத் தராசு போதும். பிறகு லென்ஸை எடுத்துக்கொண்டு விளிம்பைப் பார்க்க வேண்டும். கோவையில் ஃபவுண்டரியில் வேலை பார்த்த எவரிடமும் கொடுங்கள், வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு, அதாவது பார்ட்டிங் லைன், ஓடுகிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார். வார்த்த காசில் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். அச்சில் அடித்ததில் ஓரம் கூர்மையாக எழும்பி நிற்கும். அனுமன் காசுகளில் இரண்டு வகையும் உண்டு.

இவற்றுக்கு ஒரு மூதாதை இருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ராமடங்கா என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் பூஜைக் காசுகள் வெள்ளியிலும் தங்கத்திலும் உண்டு. சில கிண்ணம்போலக் குழிந்தவை. ராமனும் சீதையும் அமர்ந்திருக்க, நாகரி எழுத்தில் பெயர்கள். பலவற்றில் 51740 என்று ஓர் எண் இருக்கும். எந்த ஆண்டுக் கணக்கிலும் அடங்காத எண் அது. கடைக்குப் போய்ப் பொருள் வாங்க அல்ல, பூஜையில் வைக்கத்தான் இவற்றைச் செய்தார்கள். அங்கே பழமையே மதிப்பு. 1818-ஐப் பொறித்தவரும் அதே மரபில் நின்றிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். 1970-ல் இர்வின் பிராட்மன் இந்தியக் கோயில் காசுகளுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு கையேடு வெளியிட்டார்.

ஏமாற்று வேலை தொடங்குவது, அனுமன் காசுகளுக்கு லட்சங்கள் விலை சொல்பவர்களிடம். ‘ரைஸ் புல்லிங்’ என்று, அரிசியை இழுக்கும் சக்தி இருப்பதாகக் காட்டுவார்கள். செம்பையும் பித்தளையையும் காந்தம் இழுக்காது. இழுக்கிறதென்றால் அரிசியில் இரும்பும், காசில் காந்தமும் ஒளிந்திருக்கிறது. பழைய காசு, நோட்டு விற்பனையில் ரிசர்வ் வங்கிக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது.

உங்கள் கையில் ஒன்று இருந்தால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் விளிம்பின் தடயம்தான் முதலில் போகும். எடை, குறுக்களவு, விளிம்பின் தன்மை, எந்த ஊரில் யாரிடம் வந்தது என்று எழுதி அதோடு ஒரு உறையில் போட்டு வையுங்கள். இந்தக் காசுகளை எந்த ஊர்ப் பட்டறைகள் எந்தப் பத்தாண்டில் அடித்தன என்பதை அப்படிச் சேரும் குறிப்புகளிலிருந்துதான் பிரித்தெடுக்க முடியும்.