விளையாட்டுக்கும் மாதச் சந்தாவா?

மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்தபோது, சைக்கிளில் ஒருவர் தமிழ் வாரப் பத்திரிகைகள் கொண்டுவந்து தருவார். படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். மாதம் பிறந்தால் சந்தா. நாங்கள் ஊருக்குப் போன மாதத்துக்கு அவர் காசு கேட்டதில்லை.

இன்று என் மகனின் வீடியோ கேம் சந்தாவும் அதே ஏற்பாடுதான். நூற்றுக்கணக்கான விளையாட்டுகள், விரும்பியதை ஆடலாம். ஆனால் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக அவன் அந்தப் பக்கமே போகாத ஐந்து மாதமும் என் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது 2021 அக்டோபரில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. தகவலும் வந்திருக்கிறது, படிக்காதது என் தப்பு.

பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸின் ‘அல்டிமேட்’ சந்தா 2025 அக்டோபரில் மாதம் 829 ரூபாயிலிருந்து 1,389 ஆனது. அந்த விலையில் வருடத்துக்கு 16,668 ரூபாய்! நாலைந்தாயிரம் விலையுள்ள விளையாட்டுகள் மூன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம். சந்தாவில் வருவது நிலைப்பதும் இல்லை. 2020 ஜனவரியில் அதில் சேர்ந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ மே மாதமே விலகிவிட்டது.

“நம்ம சந்தாவை நிறுத்திடலாம்டா” என்றேன். அவன் வாதாடவில்லை. “ஞாயித்துக்கிழமை மதுரை அத்தை பையனோட ஆடறது அதுலதாம்ப்பா” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. வாரம் முழுவதும் இந்தியும் இங்கிலீஷுமாகத் திரியும் பையன், வாய் நிறையத் தமிழ் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

விசாரித்துப் பார்த்தோம். இருவரும் ஆடும் கால்பந்து விளையாட்டு சொந்தமாக வாங்கியது. ஆன்லைனில் சேர்ந்து ஆடுவதற்குக் கீழ் வகுப்புச் சந்தாவே போதும். பிளேஸ்டேஷன் பிளஸ் 2022 ஜூனில் இங்கே மூன்று வகுப்பாக வந்தபோதும் கீழ் வகுப்பு மாதம் 499 ரூபாய், மேல் வகுப்பு 849 ரூபாய். ‘ஃபோர்ட்நைட்’ போன்ற இலவச விளையாட்டுகளைச் சேர்ந்து ஆட அதுவும் தேவையில்லை.

மாதம் இரண்டு மூன்று புது விளையாட்டை ஆடி முடிக்கிறவருக்கு மேல் வகுப்பு லாபமே. ஒன்றையே திரும்பத் திரும்ப ஆடுகிற பிள்ளைக்கு அது வீண் செலவு. வருடச் சந்தா வேண்டாம். மாதாமாதம் கட்டுங்கள், பரீட்சை வந்தால் நிறுத்துங்கள். சைக்கிள்காரர் நமக்காகப் பார்த்த கணக்கை இனி நாமேதான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கீழ் வகுப்புக்கு இறங்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழுக்குக் குறைவில்லை.