விரால் தேடி கயாக்கில் போகலாமா? தாம்பரம் ஏரிகளில் முதலில் கவனிக்க வேண்டியவை

கார் கூரையில் கயாக், பின்சீட்டில் தூண்டில். வார இறுதியில் பெரிய மீனைத் தேடி ஏரிக்குக் கிளம்பும் ஆசை ஐ.டி. ஊழியர்கள் பலருக்கும் வந்திருக்கிறது. பீர்க்கன்காரணை, சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று தாம்பரத்தைச் சுற்றி ஏரிகளுக்குக் குறைவில்லை. ஆனால், எந்த ஏரியில் இறங்குவது?

எந்த மீன்?

நம்ம ஊர் ஏரிகளின் வேட்டைக்காரன் விரால். தவளை, சிறு மீன் என்று பாய்ந்து பிடிக்கும். ஆழமான நடு ஏரியைவிட, கோரையும் சம்பும் அல்லியும் மண்டிய கரையோரம்தான் இதற்குப் பிடிக்கும். அதனால் பல இடங்களில் கரையில் நின்றே தூண்டில் போடலாம். கரையிலிருந்து எட்டாத செடிக்கூட்டத்துக்குப் போகத்தான் கயாக் உதவும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும். விடியற்காலையில் காற்றில்லாத நேரத்தில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். 'களக்' என்று தண்ணீர் உடையும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர் தவளையைச் செடிகளின் மேல் மெல்ல இழுப்பது பழகிய வழி.

விரால் இருந்தால் ஏரி சுத்தமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கழிவுநீர் கலந்து ஆக்சிஜன் குறைந்தால் கட்லா, ரோகு செத்து மிதக்கும். விரால் காற்றைக் குடித்துத் தப்பிவிடும். ஆகவே விரால் துள்ளுவது நல்ல தண்ணீருக்குச் சான்றிதழ் அல்ல. மற்ற மீனைத் தின்று வாழும் மீன் என்பதால், பாதரசம் போன்ற நச்சு அதன் உடலில் கூடுதலாகச் சேரவும் வாய்ப்புண்டு. கழிவுநீர்க் கால்வாய் வந்து விழும் ஏரியில் பிடித்ததைக் குழம்பு வைக்காமல் இருப்பதே நல்லது.

யாரைக் கேட்பது?

ஏரிகள் நீர்வளத் துறை அல்லது உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கும். மீன்பிடி உரிமை பெரும்பாலும் ஏலத்தில் போயிருக்கும். கரையில் வலை உலர்த்துபவரிடம், "அண்ணே, இந்த ஏரியை யார் எடுத்திருக்காங்க?" என்று கேட்டாலே விஷயம் தெரிந்துவிடும். குத்தகை எடுத்தவருக்கு அது பிழைப்பு. அவரைக் கேட்காமல் தூண்டில் போடுவது முறையல்ல. படகு இறக்கத் துறையின் அனுமதி தனி. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கத்தையும், 2022-ல் ராம்சார் தளமான பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் கவனம்

மழையில் விரால் குஞ்சு பொரிக்கும். செம்மஞ்சள் நிறத்தில் பொடிக் குஞ்சுகள் கூட்டமாக மிதந்தால், அடியில் பெற்றோர் காவலுக்கு நிற்கும். அருகில் எது வந்தாலும் சீறும் என்பதால் சுலபமாக மாட்டும். அந்த ஒரு மீனைத் தூக்கினால், அன்றே மற்ற மீன்களும் பறவைகளும் குஞ்சுகளைக் காலி செய்துவிடும். அடுத்த ஆண்டு வந்து, "மீனே இல்லையே" என்று சொல்வதில் பயனில்லை. குஞ்சுக் கூட்டம் கண்டால் தூண்டிலைச் சுருட்டுங்கள்.

மீசையோடு, செதிலில்லாமல் வழவழவென்று பெரிய மீன் வந்தால் அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கலாம். வளர்க்கத் தடை உள்ள அந்த மீனைத் திரும்ப ஏரியில் விட வேண்டாம்.

பாதுகாப்பு

நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மண் எடுத்த பள்ளங்களும் சேறும் மேலிருந்து தெரியாது. கலங்கல் வழிந்தோடும் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். கயாக் புதிது என்றால் முதலில் முட்டுக்காட்டில் பழகிவிட்டு வரலாம்.

நல்ல ஏரி என்பது பெரிய மீன் மாட்டும் ஏரி மட்டுமல்ல. அனுமதி கிடைத்து, கழிவுநீர் கலக்காமல், அடுத்த மழைக்கும் குஞ்சு மிதக்கும் ஏரிதான் நல்ல ஏரி.