பண்பாடு உணர்ந்த உளவள ஆலோசகர்

அமெரிக்காவில் உளவள ஆலோசகராகப் பணியாற்ற முதுகலைப் பட்டம் வேண்டும். அப்படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்க 1981இல் தோன்றிய ‘காக்ரெப்’ அமைப்பு, 100 மணிநேரச் செய்முறைப் பயிற்சியையும் 600 மணிநேரக் களப்பயிற்சியையும் மேற்பார்வையுடன் விதித்துள்ளது. பண்பாட்டுப் பன்மையும் அங்கே கட்டாயப் பாடம்.

1992இல் டெரால்டு விங் சூ, பட்ரிசியா அரெடோண்டோ, ரோடரிக் மெக்டேவிஸ் ஆகியோர் இதற்கான தகுதிகளை மூன்றாக வகுத்தனர்: தன் சார்புகளை உணர்தல், நாடி வருபவரின் உலகப் பார்வையை அறிதல், அதற்கிசைந்த முறைகளைக் கையாளுதல்.

தன்னை உணர்தல் முதலில் நிற்பது ஏன்? மகனை இழந்த முஸ்லிம் தாயொருத்தி, “அல்லாஹ்வின் நாட்டம்” என்கிறாள் எனக் கொள்வோம். சமயம் அறியாத ஆலோசகர், அவள் துயரை மறைப்பதாக எண்ணக்கூடும். முஸ்லிம் ஆலோசகரோ, அவள் அழுதால் ஈமான் குறைந்ததெனக் கருதக்கூடும். இருவரும் அவளைக் கேட்கவில்லை. தம் முன்முடிவையே கேட்கின்றனர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் அருமை மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் சிந்தினார்கள். இறைவனின் நாட்டத்தையும் பொருந்திக்கொண்டார்கள். நம்பிக்கையும் துயரும் ஒரே நெஞ்சில் தங்கும்.

ஆகவே, வழக்கங்களின் பட்டியலை மனனம் செய்விப்பது பயிற்சியாகாது. மாணவரின் முன்முடிவுகளைச் சுட்டிக்காட்டும் பேராசிரியர், முதலில் தம்முடையவற்றை ஆராய்ந்திருத்தல் வேண்டும். இக்கடமை நம் சமுதாய ஆலோசகர்களுக்கும் உரியதே.