ஒரு விதை, பல முளை

ஒரே ஒரு பீட்ரூட் விதையை ஊன்றினால் எத்தனை செடி முளைக்கும்? ஒன்றுதானே என்கிறீர்களா நேயர்களே? இரண்டு, மூன்று, சில சமயம் நாலுகூட முளைக்கும்!

விதை என்று நாம் கையில் எடுக்கிறோமே, சொரசொரவென்று, காய்ந்த மண்கட்டி மாதிரி, அது ஒற்றை விதையே இல்லை. நெருங்கிப் பூத்த பூக்கள் காயாகும்போது ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய கொத்து. விதைகள் அதற்குள்ளே இருக்கின்றன.

இத்தாலியில் வெனிஸ் பக்கத்தில் கியோஜா என்று ஒரு கடலோர ஊர். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு பாரம்பரிய பீட்ரூட் ரகம் உண்டு. குறுக்கே நறுக்கினால் சிவப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக, அத்தனை அழகு! வேகவைத்தால் வளையம் மங்கிவிடும். அதனால் மெல்லிசாகச் சீவி, பச்சையாகவே சாப்பிடுவது நல்லது. அதன் விதையும் இதே கொத்துதான்.

முளைத்ததையெல்லாம் அப்படியே விட்டால் நெருக்கத்தில் கிழங்கு பருக்காது. திடமான ஒன்றை விட்டுவிட்டு, மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடிப்போகும். நறுக்கிய இளங்கீரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாசிப்பருப்பு சேர்த்துப் பொரியல் செய்யலாம், அருமையாக இருக்கும்!