படத்தில் தெரியாத நோய்: மனச்சிதைவும் மூளைப் படங்களும்

கம்பத்திலோ சின்னமனூரிலோ போடியிலோ ஒரு வீட்டில், இருபது வயதைத் தாண்டிய பிள்ளை, யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்லத் தொடங்கி, இரவெல்லாம் உறங்காமல் கண்ணுக்குத் தெரியாதவரோடு வாதாடி, சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடும் நிலைக்கு வந்துவிட்டால், வீட்டார் பெரும்பாலும் முதலில் கோடாங்கியிடம் குறி கேட்டு, வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, பிறகு வட்டிக்குப் பணம் புரட்டி, மதுரைக்குப் போய்த் தலைக்கு ஸ்கேன் எடுத்துவருகிறார்கள். "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னு எழுதிட்டாங்களேய்யா, பெறகு எதுக்கு மாத்திரை?" என்று கட்டைப்பையிலிருந்து அந்தப் பெரிய படத்தை உருவி வைத்தியர் முன் வைக்கும் தகப்பனாரின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மூளையின் நோய் என்று சொன்னால் மூளையின் படத்தில் அது தெரியவேண்டாமா என்பது நியாயமான தர்க்கமே அல்லவா?

## படம் சொன்னது எவ்வளவு

இந்தத் தர்க்கத்தைப் பற்றிக்கொண்டுதான் விஞ்ஞானிகளும் புறப்பட்டார்கள். 1976-ஆம் ஆண்டில், லண்டனை அடுத்த நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் குரோ முதலியோர், நெடுங்காலமாக மனச்சிதைவால் துன்புற்றவர்களின் தலையை அந்நாளில் புதிதாக வந்திருந்த சி.டி. கருவியால் படமெடுத்து, மூளையின் நடுவே நீர் நிறைந்திருக்கும் அறைகள் அவர்களுக்கு விரிந்திருப்பதைக் கண்டு வெளியிட்டனர். தாயின் வளர்ப்பே இந்நோய்க்குக் காரணம் என்று மேல்நாட்டு மனோதத்துவ நிபுணர்கள் சிலர் கூசாமல் எழுதிவந்த காலம் முடிவை நெருங்குவதற்கு அந்தக் கண்டுபிடிப்பும் ஒரு காரணம். பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அந்த வழக்கம் நம் ஊர்களில் மட்டும் இருந்ததில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கலாம்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், எனிக்மா என்னும் சர்வதேசக் கூட்டுக் குழுவினர் 2,028 நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்களை, நோயில்லாத 2,540 பேரின் படங்களோடு ஒப்பிட்டு, ஞாபகசக்திக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் முதலிய சில பகுதிகள் நோயாளிகளுக்குச் சராசரியில் சிறுத்திருப்பதை உறுதிசெய்தார்கள். சராசரியில் என்ற சொல்லை வாசகர் அழுத்திப் படிக்கவேண்டும். நோயாளிகள் பலரின் அளவு நோயற்றவர்களின் அளவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நோயற்றவர்களிலும் சிறுத்த ஹிப்போகேம்பஸ் உடையவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான படங்களைக் கூட்டிப் பார்த்தால் தென்படும் இந்த வித்தியாசம், ஒரே ஒருவரின் படத்தைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது தென்படுவதில்லை. படத்தில் ஒன்றுமில்லை என்று எழுதும் வைத்தியர், கட்டியில்லை, இரத்தக்கசிவில்லை, காயமில்லை என்கிறாரேயன்றி, நோயில்லை என்று சொல்லவில்லை.

## பல கருவிகளின் சாட்சியம்

ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பார்வை உண்டு. சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தைக் காட்டும். அதே இயந்திரத்தைக் கொண்டே, நீரின் மூலக்கூறுகள் நரம்பிழைகளை ஒட்டி எத்திசையில் பரவுகின்றன என்று அளந்தால் பகுதிகளை இணைக்கும் பாதைகள் தெரியும். இரத்தத்தின் பிராணவாயு மாறுவதைத் தொடர்ந்து படமெடுத்தால் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்பது புலப்படும். ஈ.ஈ.ஜி. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நிகழும் மின்மாற்றத்தையும் பிடித்துவிடும், ஆனால் அது எவ்விடத்தில் நிகழ்ந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்ல அதனால் ஆகாது. டோபமின் என்னும் இரசாயனம் எங்கே மிகுதியாகச் சுரக்கிறது என்று அறியப் பெட் ஸ்கேன் வேண்டும்.

முல்லைப் பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் 14,707 ஏக்கரில் ஒரு கடைமடை வயல் மட்டும் பயிர் வாடி நின்றால், நில வரைபடத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு காரணம் கண்டுவிட முடியுமா? வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, மடை திறந்த நாட்களில் எவ்வளவு நீர் வந்தது, மண்ணில் உப்பு எவ்வளவு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றோ உண்மை விளங்கும்! மனச்சிதைவில் இன்று விஞ்ஞானிகள் மேற்கொள்ளும் இணைப்பு முறையும் அப்படிப்பட்டதே; ஒரே மனிதரிடம் வடிவம், பாதை, செயல், இரசாயனம் ஆகியவற்றை அளந்து, அவற்றைக் கணிதத்தால் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறார்கள்.

நமக்கு அருகில், பெங்களூர் நிம்ஹான்ஸில், எம்.ஆர்.ஐ.யையும் பெட் ஸ்கேனையும் ஒரே சமயத்தில் எடுக்கும் கருவியும், மூளையின் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் கருவியும் உள்ளன. அங்கே கணேசன் வெங்கடசுப்பிரமணியன் முதலிய ஆராய்ச்சியாளர்கள், காதில் கேட்கும் மாயக்குரல்களை மென்மையான மின்சாரத்தால் தணிக்கும் சிகிச்சையையும் ஆராய்ந்துவருகிறார்கள். கனடாவில் பணியாற்றும் லெனா பழனியப்பனும் அவருடைய சகாக்களும், 7 டெஸ்லா ஆற்றலுடைய காந்தத்தைக் கொண்டு, முதன்முறையாக நோய்வாய்ப்பட்டவர்களின் மூளையில் குளுட்டாதயோன் என்னும் காப்புப் பொருளை அளந்தார்கள். அது மிகுதியாயிருந்தவர்கள் மருந்துக்கு விரைவில் இணங்கினார்கள் என்று 2020-இல் வெளியிட்டார்கள்.

இடையூறுகளும் உண்டு. நகையையும் வெள்ளி அரைஞாணையும் கழற்றி வைத்துவிட்டு, தடதடவென்று இரையும் குறுகிய குழாய்க்குள் அரைமணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடப்பது திடசித்தமுள்ளவருக்கே பிரயாசை. தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நம்புபவருக்கு அது எப்படி இருக்கும்! அவர் சிறிது தலையை அசைத்தாலும் படம் கலங்கி, அசைவின் விளைவே நோயின் லட்சணமாகத் தோன்றிவிடக்கூடும். ஆண்டுக்கணக்கில் உண்ட மருந்தும் மூளையின் தோற்றத்தை ஓரளவு மாற்றக்கூடும் என்பதால், நோய் தொடங்கிய புதிதில் உள்ளவர்களையே ஆராய்ச்சியாளர்கள் விரும்பித் தேடுகிறார்கள்.

## மாத்திரைச் சீட்டு வரை வந்த பயன்

இவ்வளவு பொருட்செலவில் நடக்கும் ஆராய்ச்சியால் ஆண்டிபட்டிக்காரருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை உண்டு. டொராண்டோவில் ஷிதிஜ் கபூர் முதலியோர் 2000-ஆம் ஆண்டில், ஹாலோபெரிடால் என்னும் மருந்தை உண்ட நோயாளிகளைப் பெட் ஸ்கேனில் வைத்துப் பார்த்தபோது, டோபமின் ஏற்பிகளில் 65 விழுக்காட்டுக்கு மேல் மருந்து பற்றினால் நோய் தணிவதையும், 78 விழுக்காட்டைத் தாண்டினால் உடல் இறுக்கம், நடுக்கம் முதலிய உபத்திரவங்கள் தலைதூக்குவதையும் கண்டார்கள். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் நிற்கச் சொற்ப அளவு மருந்தே போதும் என்பது தெளிவாயிற்று. மாத்திரையை அள்ளிக் கொடுத்து நோயாளியை மரக்கட்டையாக்கிய பழைய பழக்கம் குறைந்ததில் இந்தப் படங்களுக்குப் பங்குண்டு. ஸ்கேன் அறையையே எட்டிப் பாராத நோயாளிக்கும் இந்தப் பலன் கிட்டுகிறது.

## ஸ்கேன் எப்போது அவசியம்

திடீரென்று குழப்பம் கண்டாலும், வலிப்பு, காய்ச்சல், கடுந்தலைவலி, கைகால் தளர்ச்சி, தலையில் அடி ஆகியவை சேர்ந்திருந்தாலும், முதுமையில் முதன்முறையாக இந்த லட்சணங்கள் தோன்றினாலும், மூளையில் கட்டியோ அழற்சியோ நாடாப்புழுவின் கூடோ இருக்கிறதா என்று பார்க்க வைத்தியரே ஸ்கேன் எழுதித்தருவார், அதைத் தட்டக்கூடாது. மற்றபடி மனச்சிதைவை நிர்ணயிப்பது, நோயாளியோடு நிதானமாகப் பேசியும் வீட்டாரிடம் மாதக்கணக்கான மாற்றங்களைக் கேட்டறிந்துமே. இன்றைய தேதியில் உலகத்தின் எந்த மருத்துவமனையிலும் மனச்சிதைவை உறுதிசெய்யும் ஸ்கேன் கிடையாது. அதற்காகத் தோட்டத்தை ஒத்தி வைப்பது வீண்.

## பள்ளத்தாக்கில் செய்யத்தக்கது

ஏறக்குறைய முந்நூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆகவே பள்ளத்தாக்கின் எந்தப் பெரிய ஊரும் இதற்கு விலக்கில்லை. கஞ்சா பழகும் இளைஞருக்கு அபாயம் கூடுகிறது என்பதை, கஞ்சா வழக்குகளால் அடிக்கடி செய்தியில் அடிபடும் நம் பகுதியின் பெற்றோர் முக்கியமாக நினைவில் கொள்ளவேண்டும். ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பேறிக் குமுளிக்கோ போடி மெட்டுக்கோ போய்விடும் குடும்பங்களில் நோயாளி தானே மாத்திரை எடுத்துக்கொள்வார் என்று நம்புவதற்கில்லை. அன்றாட மாத்திரைக்குப் பதிலாக மாதம் ஒருமுறை போடும் ஊசியைப் பற்றி வைத்தியரிடம் கேட்கலாம்.

அம்மனை வேண்டிக்கொள்வதை எந்த வைத்தியரும் தடுப்பதில்லை. ஆனால் நோயாளியைக் கட்டிப்போடுவது கொடுமை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியோடு பிணிக்கப்பட்டிருந்தவர்களின் கொட்டகையில் பற்றிய தீயில் 28 உயிர்கள் போயின. நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடைசெய்திருக்கிறது.

வீட்டாரின் பரிவு எவ்வளவு செய்யும் என்பதற்கும் சாட்சியம் இருக்கிறது. சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனநல அமைப்பு, கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, இரு நகரங்களிலும் புதிதாக நோய்கண்டவர்களை இரண்டாண்டு கவனித்தபோது, பேச்சும் ஊக்கமும் குன்றி ஒடுங்கிப்போகும் லட்சணங்களில் சென்னை நோயாளிகளே மேலாகத் தேறினார்கள். அங்கே குடும்பத்தார் சிகிச்சையில் கூடவே நின்றதை ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரணமாகக் கருதுகிறார்கள்.

க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே மருந்துக்குப் பணம் வாங்குவதில்லை. உடனே புறப்பட முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.